நன்றியுரை: மா. அம்மையப்பன்

கரை வேட்டியைப் பாத்ததும் கொஞ்சம் நகந்து உக்காந்தீங்க பாருங்க தம்பி, அது நியாயம்தான். நான் தப்பா எடுத்துக்கல. ஆனா பயப்படாதீங்க. ஓட்டுக் கேக்க மாட்டேன், நன்கொடை கேக்க மாட்டேன், எங்க கட்சி போன தடவை ஏன் தோத்துச்சுன்னு விளக்க மாட்டேன். அந்தப் பொறுப்பெல்லாம் வேற ஆளுங்ககிட்ட இருக்கு. என்கிட்ட இருந்தது நன்றியுரை மட்டும்தான்.

பட்டுக்கோட்டைக்கா போறீங்க? நல்லது. நான் அதுக்கு முன்னாடியே இறங்கிருவேன். ஒரத்தநாடு தாண்டி, புள்ளியக்குடி. அங்க நமக்கு ஒரு மாவு மில்லு இருக்கு. அதான் தொழில். கட்சி தொழில் இல்ல, அது சாயங்காலத்துக்கு.

'இருந்தது'ன்னு சொன்னேன்ல, கவனிச்சீங்களா? இன்னைக்குக் காலையில தஞ்சாவூர்ல, ஜில்லா ஆபீஸ்ல, என் மேல விசாரணை. ஒழுங்கு நடவடிக்கை. முகத்தைப் பாத்தா தெரியலைல்ல? நல்லபடியா முடிஞ்சிருச்சு. முடிஞ்ச விதத்தைச் சொன்னா நீங்களே சந்தோஷப்படுவீங்க. ஆனா அதை மொதல்ல சொன்னா சுவை இருக்காது. வரிசையா சொல்றேன்.

எங்க கூட்டத்துக்குப் போஸ்டர் ஒட்டிப் பாத்திருப்பீங்க. மேல தலைமை. அதுக்குக் கீழ முன்னிலை, அப்புறம் வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை. சிறப்புரைக்குப் படம் போடுவாங்க. எல்லாத்துக்கும் கீழ, நன்றியுரை, மா. அம்மையப்பன். எனக்குக் கீழ அச்சகத்தோட பேரு ஒண்ணுதான் இருக்கும். மாடு போஸ்டரைக் கீழேர்ந்துதான் திங்கும், தெரியும்ல? அதனால காலையில ஒட்டினா மத்தியானத்துக்குள்ள நான் போயிருவேன். அச்சகக்காரரும் நானும் சேந்தே போவோம்.

நன்றியுரைன்னா கூட்டத்துக்குக் கடைசி. தலைமையிலேர்ந்து வந்தவரு பேசி முடிச்சு, காருக்குப் போவாரு. அவர் பின்னாடி மாவட்டம் போகும், மாவட்டம் பின்னாடி ஒன்றியம் போகும். மாவட்டம்னா மாவட்டச் செயலாளர், ஒன்றியம்னா ஒன்றியச் செயலாளர். எங்க கட்சியில ஆளைப் பேர் சொல்றதில்ல, இடத்தைத்தான் சொல்றது. 'மாவட்டம் சாப்பிட்டுக்கிட்டு இருக்கு'ம்பாங்க. 'ஒன்றியம் ஒதுங்கப் போயிருக்கு'ம்பாங்க. புதுசா கேக்குறவங்களுக்கு ஒரு மாதிரிதான் இருக்கும்.

அவங்க போனதும் கூட்டம் போகும். அப்பத்தான் நான் மைக்குக்கு வருவேன். சவுண்டு சர்வீஸ் அந்தோணிராஜ் ஒயரைச் சுருட்டிக்கிட்டே இருப்பான். நாற்காலிக்காரரு ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குவாரு. நான் பாட்டுக்கு நன்றி சொல்லுவேன். பாதியில மைக்கை உருவிருவான் அந்தோணிராஜ். 'அண்ணே, அடுத்த ஊருக்குப் போகணும்ணே'ம்பான். நான் வாயாலயே முடிப்பேன். மில்லு ஓடும்போது பேசிப் பழகினவன் தம்பி. எதிர்ல இருக்கிறவன் கேக்குறானா இல்லையான்னு எனக்குத் தெரிய வேண்டிய அவசியமே வந்ததில்ல.

சிலபேரு கேலி பண்ணுவான், யாருமில்லாத எடத்துல யாருக்குய்யா நன்றி சொல்றேன்னு. நான் ராத்திரிப் பள்ளிக்கூடத்துல எட்டாவது பாஸ் பண்ணினவன். அங்க தமிழ் வாத்தியார் கட்டுரைக்கு முன்னுரை எழுதலைன்னா விட்டுருவாரு. முடிவுரை எழுதலைன்னா பேப்பரைத் திருப்பிக் கொடுத்துருவாரு. கூட்டமும் அப்படித்தான். நன்றி சொல்லலைன்னா அது கூட்டம் இல்ல, கும்பல்.

அதனால நான் ஒப்புக்குச் சொல்றவன் இல்ல. சில ஊர்ல சொல்லுவான் பாருங்க, 'வந்திருந்த அனைவருக்கும் நன்றி'ன்னு. அனைவரும்னா யாரு? பேரைச் சொல்லணும், அவர் என்ன செஞ்சாருன்னு சொல்லணும். எல்லாம் மனசுல வச்சிருப்பேன், எழுதிப் படிக்கிற வழக்கமே கிடையாது. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே யார் யாரு என்ன ஒத்தாசை பண்றாங்கன்னு பாத்துக்கிட்டே இருப்பேன். எங்க வீட்ல கேக்கும், செண்பகவல்லின்னு பேரு, 'ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் சொல்றீங்களே, ஒரு நாளாவது எனக்குச் சொன்னீங்களா'ன்னு. வீட்ல எங்க தம்பி மேடை இருக்கு?

சரி, விஷயத்துக்கு வர்றேன். போன மாசம் இடைத்தேர்தல் வந்துச்சுல்ல எங்க தொகுதிக்கு. பிரச்சாரத்துக்குப் பொதுச்செயலாளரே வர்றாருன்னு சொல்லிட்டாங்க. எங்க ஊருக்கு அவர் வந்ததே இல்ல. மாவட்டத்துக்குக் காச்சலே வந்துருச்சு. எங்க மாவட்டம் பேரு குலோத்துங்கன். ஆளு நல்ல மாதிரி. கோபம் வந்தா மட்டும் துண்டை எடுத்துக் கீழ போட்டு மிதிப்பாரு. அன்னைக்கு ரெண்டு துண்டு போயிருச்சு. கூட்டத்துக்கு ஆள் இல்ல, அதான் கவலை. நடவு நேரம், யாரும் வரமாட்டேங்குறாங்க.

அப்ப ஒரு வழி பண்ணினாரு. மாற்றுக் கட்சியில ஒன்றியம் வீரையன்னு ஒருத்தரு இருக்காரு, பக்கத்து ஊரு ஆம்பலூர்க்காரரு. எங்க கூட்டத்துக்கு மொத நாளு அவங்க கூட்டம் ஆம்பலூர்ல. அவங்க ஆளு பிடிச்சு, வேன் பிடிச்சு, எல்லாம் தயாரா வச்சிருந்தாங்க. மாவட்டம் அவருக்குப் போன் போட்டு, 'மாப்ள, உன் கூட்டம் முடிஞ்சதும் அந்த ஆளுங்களையும் வேனையும் அப்படியே திருப்பிவிடாம மறுநாளும் நிறுத்தி வையி, நமக்கு வேணும்'னாரு. மேடையில ரெண்டு பேரும் வாடா போடாம்பாங்க. கீழ இறங்கினா மாமன் மாப்ள. வீரையனும் தட்டாம அனுப்பி வச்சாரு. நான் பக்கத்துலதான் இருந்தேன். மனசுல போட்டுக்கிட்டேன். பெரிய ஒத்தாசை இல்லீங்களா? இதுக்கு நன்றி சொல்லலைன்னா எதுக்குச் சொல்றது?

கூட்டம் அன்னைக்கு நல்ல திரட்டு. பொம்பளைங்க முன்னாடி வரிசை வரிசையா உக்காந்திருந்தாங்க. ஆனா பொதுச்செயலாளர் வரலை. மன்னார்குடியில நிறுத்திட்டாங்க, அங்க ரோட்ல நின்னு பேசிக்கிட்டிருக்காருன்னு செய்தி வருது. மேடையில இருந்தவங்க எல்லாம் பேசிட்டாங்க. வாழ்த்துரை சொல்லி முடிச்சவரு திரும்பவும் வந்து வாழ்த்திட்டுப் போனாரு. பாட்டுக்காரருக்குத் தொண்டை போயிருச்சு. வேட்பாளரு டாக்டரு, அவருக்குப் பேச வராது, அவர் கும்பிட்டபடியே நின்னாரு, எவ்வளவு நேரம்தான் கும்பிடுவாரு? பொம்பளைங்க எந்திரிச்சுச் சேலையைத் தட்ட ஆரம்பிச்சிட்டாங்க. வேன்காரன் ஒருத்தன் ஹாரன் அடிக்கிறான்.

எங்க ஒன்றியம் தாமரைச்செல்வன் என்கிட்ட ஓடி வந்தாரு. "அண்ணே, கூட்டம் கலையுது. ஏதாவது பேசுங்கண்ணே."

"எனக்கு நன்றியுரைதானே தம்பி தெரியும்?"

"அதையே பேசித் தொலைங்க. அவர் வர்ற வரைக்கும் இழுங்க."

நான் யோசிச்சேன். முறை இல்லதான். ஆனா ஒன்றியம் உத்தரவு போட்டா மீறக்கூடாது. கட்சின்னா கட்டுப்பாடு. போனேன், மைக்கைப் பிடிச்சேன். பிடிச்சதும் ஒரு மாதிரி ஆயிருச்சு தம்பி. எதிர்ல ஆளுங்க. நாற்காலியில ஆளுங்க உக்காந்திருக்காங்க. நான் அதுவரைக்கும் நாற்காலியைக் காலியாவே பாத்துப் பழகினவன்.

மொதல்ல பொதுச்செயலாளருக்குத்தான் சொல்லணும். 'இங்கே வருகை தரவிருக்கின்ற எங்கள் பொதுச்செயலாளர் அவர்களுக்கும், அவர் ஆற்றவிருக்கின்ற எழுச்சிமிகு உரைக்கும், அதில் அவர் கூறவிருக்கின்ற அரிய கருத்துகளுக்கும் நன்றி'ன்னேன். ஒருத்தன் சிரிச்சான். சரின்னு அடுத்து, மேடை போட எடம் கொடுத்த நிலத்துக்காரரு. 'அறுவடைக்கு இன்னும் நாள் இருந்தும், மாவட்டச் செயலாளர் நேரில் வந்து சொன்ன ஒரே வார்த்தைக்காக, தன் உளுந்தையெல்லாம் மாட்டுக்குப் பிடுங்கிப் போட்டுவிட்டு, இந்த இடத்தைக் கண்ணீரோடு வழங்கிய பெருந்தகைக்கு நன்றி'ன்னேன். அவர் நெசமாவே அழுதாரு தம்பி. நான் கூட்டிச் சொல்லல.

எந்திரிச்ச பொம்பளைங்க உக்காந்துட்டாங்க.

எனக்கு உற்சாகம் ஆயிருச்சு. லைன்மேனுக்கு நன்றி சொன்னேன், 'மீட்டர், டெபாசிட் என்று அலைக்கழிக்காமல், கம்பத்திலிருந்தே நேராகக் கொக்கி போட்டு ஒளி வழங்கியமைக்காக'. இன்ஸ்பெக்டருக்குச் சொன்னேன், 'அனுமதிக் கடிதம் வரும்வரை காத்திராமல் காலையிலேயே சாலையை மூடி, பஸ்ஸைச் சுற்றிப் போகச் செய்த பெருந்தன்மைக்காக'. டாக்டருக்குச் சொன்னேன், 'சென்ற வாரம் வரை வேறு கட்சியில் இருந்தும், நம் கட்சியில் சேர்ந்த அன்றே வேட்பாளராகும் சுமையை மறுக்காமல் ஏற்றுக்கொண்ட தியாகத்துக்காக'. கை தட்டுறாங்க தம்பி. எனக்கு. நன்றியுரைக்கு. அந்தோணிராஜ் ஒயரைச் சுருட்டுறதை நிறுத்திட்டுக் கேக்குறான்.

அப்புறம்தான் வீரையன். 'கட்சி மாறுபாடு பாராமல், நேற்று தன் கூட்டத்தில் அமர்ந்திருந்த இதே தாய்மார்களை, இதே வேன்களில், இன்று நமக்கு அனுப்பி வைத்த மாற்றுக் கட்சி ஒன்றியச் செயலாளர் அருமை நண்பர் வீரையன் அவர்களுக்கு நன்றி. நேற்றைய அலுப்புத் தீருமுன் இன்றும் அதே பொறுமையோடு அமர்ந்து, நேற்று அங்கே எழுப்பிய அதே உற்சாகத்தோடு இங்கேயும் முழக்கமிட்ட தாய்மார்களுக்கு நன்றி'ன்னேன்.

முன் வரிசையில ஒரு அம்மா எந்திரிச்சு, "அண்ணே, பிரியாணி அங்கதான் நல்லா இருந்துச்சு"ன்னுச்சு. விடலாமா? 'குறையைச் சுட்டிக்காட்டிய சகோதரிக்கும் நன்றி'ன்னேன். பந்தலே அதிர்ந்துச்சு. சீட்டி அடிக்கிறாங்க.

அந்த நேரம் பாத்து பொதுச்செயலாளரு கார்லேர்ந்து இறங்குறாரு. இந்தக் கைதட்டெல்லாம் தனக்குன்னு நினைச்சு ரெண்டு கையையும் தூக்கிக் காட்டிக்கிட்டே வர்றாரு. யாரும் திரும்பிப் பாக்கல. அவரைக் கூட்டிட்டு வரப் போயிருந்த மாவட்டம் பின்னாலேர்ந்து என்னைப் பாத்துக் கையைச் சுத்துறாரு, முடி, முடின்னு. முகம் வேற மாதிரி இருந்துச்சு. நான் வெயில்ல வந்த களைப்புன்னு நினைச்சேன்.

முடின்னுட்டாரு. முடிக்கணும். எனக்குத் தெரிஞ்ச முடிவு ஒண்ணுதான். இத்தனை வருஷமா நான் சொல்றது. 'இத்துடன் இந்தக் கூட்டம் இனிதே நிறைவு பெறுகிறது. அனைவரும் பத்திரமாக வீடு திரும்புமாறு கேட்டுக்கொள்கிறேன்'ன்னேன்.

எங்க பக்கத்து ஜனங்களுக்கு அந்த வார்த்தை பள்ளிக்கூடத்துல கடைசி மணி மாதிரி. காதுல விழுந்ததும் கால் தானா எந்திரிக்கும். அத்தனை பேரும் எந்திரிச்சாங்க. வேனெல்லாம் ஸ்டார்ட் ஆச்சு. அந்தோணிராஜும் பழக்க தோஷத்துல மைக்கை உருவிட்டான். பொதுச்செயலாளரு மேடை ஏறி வந்து நின்னு, எல்லாரையும் உக்காரச் சொல்லிக் கையைக் காட்டுறாரு. எதிர்ல முதுகுதான் தெரியுது.

அப்புறம் மைக்கை மாட்டி அவர் பேசத்தான் செஞ்சாரு. மேடையில இருந்தவங்க முழுசா கேட்டாங்க. தலைமையோட பேச்சை அவங்க முழுசா கேட்டது அன்னைக்குத்தான், பாவம், தூங்கவும் முடியாது. எனக்கு அவரைப் பாக்கச் சங்கடமா இருந்துச்சு தம்பி. வெறும் நாற்காலிகிட்டப் பேசுறது பழகாதவங்களுக்குக் கஷ்டம். கண்ணை எங்க வைக்கிறதுன்னு தெரியாது. கடைசி வரிசைக்குப் பின்னாடி ஒரு மரத்தைப் பாத்துப் பேசணும், நான் அப்படித்தான் செய்வேன். அவர்கிட்ட யாரு போய்ச் சொல்றது?

அவர் முடிச்சதும், முறைப்படி திரும்ப ஒரு நன்றி சொல்லணுமேன்னு எந்திரிச்சேன். தாமரைச்செல்வன் என் வேட்டியைப் பிடிச்சு இழுத்து உக்கார வச்சுட்டாரு.

ஜன்னலைக் கொஞ்சம் ஏத்திக்கிறீங்களா? தூசி. ஆங், போதும்.

மறுநாள் என் பேச்சு எல்லார் போன்லயும் ஓடுது. நான் பேசினதை நானே அப்பத்தான் கேக்குறேன். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா பாருங்க, ஜனங்க மனசு. ஒருத்தருக்கு நல்லது சொன்னா நாலு பேருக்கு வயிறு எரியும். அந்த வாரமே லைன்மேனுக்கு மெமோ கொடுத்துட்டாங்க. இன்ஸ்பெக்டரை எங்கயோ மலை மேல மாத்திட்டாங்க. நன்றி வாங்காதவன் எவனோ பொறாமையில பெட்டிஷன் போட்டிருக்கான், வேற என்ன?

வீரையனை அவங்க கட்சியிலேர்ந்து தற்காலிகமா நீக்கிட்டாங்க. மனுசன் காலையில மில்லுக்கு வந்துட்டாரு. ஒரு அம்மா கேப்பை அரைச்சுக்கிட்டு இருக்கு, மில்லு ஓடுற சத்தத்துல என் காதுல வந்து கத்துறாரு. "அண்ணே, எனக்குச் சொன்ன நன்றியை வாபஸ் வாங்குங்க."

"நன்றியை எப்படிய்யா வாபஸ் வாங்குறது? நான் என்ன கடனா கொடுத்தேன்?"

"நான் ஆள் அனுப்பலைன்னு சொல்லிருங்க."

"அனுப்பினீங்களே."

"அனுப்பினேன்ணே. அதைச் சொல்லுவாங்களா?"

எனக்குப் புரியல தம்பி. செஞ்சதைச் சொன்னா கோவம். செய்யாததைச் சொன்னா சிரிச்சிக்கிட்டு மாலை வாங்கிக்கிறாங்க. கேப்பை அரைச்ச அம்மா முகத்துல மாவோட அவரையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. வாய் மட்டும் சிரிச்சுது. அதுவும் ரெண்டு நாளும் வேன்ல போன அம்மாதான்.

தேர்தல்ல டாக்டரு தோத்துட்டாரு. அதுக்கும் என் பேச்சுதான் காரணம்னு மாவட்டம் சொன்னாரு. நான் ஏத்துக்கல. அவரு நின்னு கும்பிட்ட விதத்துலயே தெரிஞ்சுபோச்சு.

அப்புறம் எனக்கு ஓலை வந்துச்சு. கட்சிக் கட்டுப்பாட்டை மீறியதாலும், கட்சிக்குக் களங்கம் உண்டாக்கியதாலும், அடிப்படை உறுப்பினர் பொறுப்பிலிருந்தே உங்களை ஏன் நீக்கக்கூடாதுன்னு. நேர்ல வந்து விளக்கம் சொல்லணும்னு. எனக்குச் சோறு இறங்கல தம்பி. சிரிக்காதீங்க. உங்களுக்கு அது சின்ன விஷயமா தெரியும். கட்சியில இல்லைன்னா நான் யாரு? தலையில மாவோட நிக்கிற ஆளு. என்கிட்ட ஜனங்க கேக்குற கேள்வி ரெண்டுதான், நைசா அரைக்கணுமா ரவையாவா. சாயங்காலம் குளிச்சு, வெள்ளைச் சட்டை போட்டு, மேடையில கடைசி நாற்காலியில உக்காந்தா, அப்ப நான் வேற. யாரும் கேக்கலைன்னாலும் என் பேரைச் சொல்லி மைக்குக்குக் கூப்பிடுறான்ல? அது போச்சுன்னா, எனக்கு அதுக்கப்புறம் சாயங்காலம்னு ஒண்ணு எதுக்கு?

செண்பகவல்லி மட்டும், 'போயி ஒண்ணும் பேசாம நில்லுங்க, கேட்டதுக்குத் தலையை ஆட்டுங்க, நன்றின்னு ஒரு வார்த்தை வாயிலேர்ந்து வரக்கூடாது'ன்னு சொல்லி அனுப்புச்சு. அதுக்கு என் மேல அவ்வளவு நம்பிக்கை.

இன்னைக்குப் போனா, மாவட்டமும் கட்சி வக்கீலும் உக்காந்திருக்காங்க. மாவட்டம் தோள்ல புதுத் துண்டு. நான் நேரா விஷயத்துக்கு வந்தேன். ஐயா, நான் செஞ்சது தப்புதான், 'நிறைவு பெறுகிறது'ங்கிற வரியை அவர் பேசுறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கக் கூடாது, வழக்கத்துல வந்துருச்சு, மன்னிக்கணும்னேன். வக்கீல் என்னை ஒரு மாதிரியா பாத்தாரு. அந்த வரியை விடுய்யான்னாரு. நான் எப்படி விடுறது? அதுதானே என் குற்றம்?

மாவட்டம் கேட்டாரு, "வீரையனுக்கு எதுக்குய்யா நன்றி சொன்னே?"

"ஆள் கொடுத்தாருங்க."

"கொடுத்தா? அதை மேடையிலயா சொல்றது?"

"மேடையில சொல்லாம, அவர் வீட்டுக்கு ராத்திரி போயா சொல்றது? பாத்தா தப்பா நினைக்க மாட்டாங்களா?"

மாவட்டம் கை துண்டுக்குப் போச்சு. அப்புறம் என்ன நினைச்சாரோ, விட்டுட்டாரு. யாருடா உன்னைத் தூண்டிவிட்டதுன்னு கேட்டாரு. மாற்றுக் கட்சிக்காரன் காசு கொடுத்தான்னு ஒரு வார்த்தை சொல்லிரு, சதின்னு முடிச்சிரலாம், உன்னை மன்னிச்சுரலாம்னாரு. எனக்கு அது பிடிக்கல. யாரோ சொல்லிக்கொடுத்து நன்றி சொன்னதா ஆகிப்போச்சுன்னா, இத்தனை வருஷம் சொன்னதும் சந்தேகமாயிரும்ல? நானாத்தான் சொன்னேன், எல்லாம் உண்மை, இன்னும் கூட நாலு பேரு விட்டுப்போச்சு, அதுல மாவட்டத்தோட மச்சானும் ஒருத்தரு, அவரு கூட்டத்துக்கு மொத நாளு சாயங்காலம் வீடு வீடா போய் என்ன கொடுத்தாருன்னு நான் சொல்ல ஆரம்பிச்சேன். வக்கீல் எந்திரிச்சுப் போய்க் கதவைச் சாத்திட்டு வந்தாரு.

ரெண்டு பேரும் ஜன்னல் பக்கம் போய்க் குசுகுசுன்னு பேசினாங்க. எனக்கு மில்லுக் காது, முழுசா கேக்காது. 'வெளிய விட்டா ஆபத்து, உள்ளயே வச்சுக்கணும்'னு வக்கீல் சொன்னது மட்டும் கேட்டுச்சு. என் மேல அவ்வளவு அக்கறை தம்பி. இத்தனைக்கும் அவருக்கு என்னை முன்னப்பின்னத் தெரியாது.

திரும்பி வந்து மாவட்டம் என் தோள்ல கைய வச்சாரு. "அம்மையப்பா, உன்னை நாங்க சரியாப் பயன்படுத்தல. இனிமே நீ நன்றியுரை இல்ல. நீ முன்னிலை."

முன்னிலைன்னா போஸ்டர்ல ரெண்டாவது வரி தம்பி. மாட்டுக்கு எட்டாது. மேடையில முன் வரிசை, கை வச்ச நாற்காலி, பொன்னாடை உண்டு. எங்க கட்சியில முன்னிலை ஆனவங்கள்ல பாதிப்பேரு இப்ப பெரிய ஆளுங்க. ஒரே ஒரு நிபந்தனை. முன்னிலை வகிக்கிறவரு மைக்கைத் தொடக்கூடாது. உக்காந்திருக்கணும், கும்பிடணும். பேசுறது அந்தப் பதவிக்கு அழகில்லைன்னாரு வக்கீல். அது நியாயம்தானே? சாமி பேசுதா? பூசாரிதானே பேசுறான்.

நன்றியுரைக்கு இனிமே யாருன்னு கேட்டேன். அந்த வரியையே எடுத்துட்டோம், மாவட்டம் பூரா எந்தக் கூட்டத்துக்கும் நன்றியுரை கிடையாதுன்னாரு. அப்ப கூட்டம் முடிஞ்சுதுன்னு ஜனங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டேன். எனக்கு டீ வரவச்சாரு.

இப்ப பாருங்க, சந்தோஷமாத்தான் இருக்கு. இல்லைன்னு சொல்ல மாட்டேன். பஸ் ஸ்டாண்டுக்கு வர்ற வழியெல்லாம் அந்த நாற்காலியில எப்படி உக்காரணும்னு யோசிச்சுக்கிட்டு வந்தேன். கையை எங்க வைக்கிறது? வாய் சும்மா இருந்தா கை என்ன செய்யும்னு தெரியல தம்பி. கூட்டம் முடியுற நேரத்துல, உள்ளுக்குள்ள நன்றியெல்லாம் வரிசையா வந்து நிக்குமே, அதை எங்க கொண்டு போய் இறக்குறது?

ஒரு நிமிஷம். போன் அடிக்குது.

அட, வீரையன்தான்.

ஹலோ… ஆமாய்யா, பஸ்ல வர்றேன்… ஒரத்தநாடு இப்பத்தான் தாண்டுது… இல்ல, நீக்கல. முன்னிலை… ஆமாமா, ரெண்டாவது வரி… இல்ல, மைக்கு கிடையாது… சிரிக்காத… என்னது? இன்னைக்கா? ஆம்பலூர்லயா?… நானா?… உங்க ஆளு என்ன ஆனாரு?… ம்… ம்… மாவட்டத்துக்கா?… அது உண்மைதான், நான்தான் டிராக்டர்ல கூட வந்தேன்… மேடைப் பலகை, பந்தல் சாமான், ஜெனரேட்டர், எல்லாம் அவர் வீட்டுக் கொட்டகையிலேர்ந்துதான் வந்துச்சு… ஆமா, டீசல் கூட அவரே போட்டாரு… ம்… அது சரி. அது நியாயமான பேச்சு. பாக்குறேன். வைங்க.

வீரையன். அவரைத் திரும்பக் கட்சியில சேத்துக்கிட்டாங்களாம். இன்னைக்கு ஆம்பலூர்ல வெற்றி விழாக் கூட்டம், அவங்க மாநிலத் தலைவரே வந்திருக்காராம், டிவிக்காரங்க எல்லாம் நிக்கிறாங்களாம். நான் வந்து அவங்க மேடையில நன்றி சொல்லணுங்கிறாரு. யாருக்குத் தெரியுமா? எங்க மாவட்டத்துக்கு. தேர்தல்ல அவங்க போட்ட மேடை பூரா எங்க மாவட்டம் கொடுத்தது. எங்க டாக்டரு தோத்த தேர்தல்லதான். அந்தச் சாமான் இன்னும் அங்கதான் கிடக்கு, இன்னைக்கும் அதே மேடைதான். அவங்கள்ல யாருக்கும் அதை விவரமா சொல்லத் தெரியாது. இறக்கி வச்சவன் நான்தானே.

என்ன தம்பி அப்படிப் பாக்குறீங்க? கட்சி மாறப் போறேன்னு நினைச்சுட்டீங்களா? இந்த வேட்டியை நான் அவுக்க மாட்டேன். இதோடதான் போவேன். நாம வாங்கினதுக்கு நாம நன்றி சொன்னோம். அவங்க வாங்கினதுக்கு அவங்க சொல்ல வேண்டாமா? இத்தனை நாளு நம்ம மாவட்டத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து ஒருத்தனாவது நன்றி சொல்லியிருக்கானா? கேட்டா அவர் மனசு எவ்வளவு குளிரும். வக்கீல் சொன்னது முன்னிலை வகிக்கும்போது மைக்கைத் தொடக்கூடாதுன்னுதான். அங்க நான் முன்னிலை இல்லையே.

போவேன்னு சொல்லல. பாக்குறேன்னுதான் சொல்லியிருக்கேன். சும்மா கூட்டத்துல ஓரமா நின்னு, அவங்க ஆளு எப்படி முடிக்கிறாருன்னு பாத்துட்டு, அடுத்த பஸ்ல ஏறிருவேன். அவரு சரியா முடிச்சுட்டாருன்னா நான் ஏன் மேல ஏறப் போறேன்? ஆனா சரியா முடிக்கிறவனை நான் இன்னும் பாத்ததில்ல.

கண்டக்டர், ஆம்பலூர்ல நிறுத்துங்க. ஆமா, டிக்கெட் புள்ளியக்குடிக்குத்தான் எடுத்தேன். முன்னாடியே இறங்கிக்கிறேன், அதனால என்ன?

அந்தப் பையை மட்டும் எடுத்துக் கொடுங்க தம்பி. சீப்பு இருக்கா உங்ககிட்ட? இல்லையா, பரவால்ல, கையாலயே கோதிக்கிறேன். காலரைக் கொஞ்சம் பாருங்க. சரியா இருக்கா?

கேக்குதா சத்தம்? கூட்டம் ஆரம்பிச்சிட்டாங்க. வாழ்த்துரை போய்க்கிட்டு இருக்குன்னு நினைக்கிறேன். ஓட வேண்டியதில்ல, மெதுவா இறங்குறேன். நமக்கு வேலை கடைசியிலதான்.